ஒரு கடைக்கு ஒரு தலைவாசல்
(பல ரௌட்டர்கள் உள்ள இடத்தில் கோளாறு கண்டறியும் பாடம்)



நம் முன்னோர் இந்நாட்டில் கடை வைத்த காலத்தில் ஒரு வியாபாரிக்குத் தராசு, பேரேடு, நாணயம் ஆகிய மூன்றும் பழுதின்றி இருந்தால் போதும் என்பார்கள். இம்மூன்றும் இன்றும் வேண்டியவையே. ஆயினும் நான்காவதாக ஒன்று நம் கடைகளுக்குள் வந்து அமர்ந்துவிட்டது. அதுதான் இணையத் தொடர்பு.

கைப்பேசியால் பணம் செலுத்தும் டூயிட்நவ் கியூ.ஆர். முறை 2019இல் வந்தது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைக் கடந்த நிறுவனங்களுக்கு முதலில் கட்டாயமாயிற்று. பின்னர் படிப்படியாக அதனினும் சிறிய நிறுவனங்களையும் எட்டியது. காவல் கேமரா, உணவகத்தில் ஆர்டர் எடுக்கும் டேப்லெட், மொத்த வியாபாரியின் சரக்குக் கணக்கு ஆகிய யாவும் இன்று இத்தொடர்பின் மீதே நடக்கின்றன. தராசு பிசகினால் நாம் உடனே கண்டு கொள்கிறோம். இணையம் பிசகினால் எங்கே பிசகியது என்று தெரியாமல் விழிக்கிறோம். சில சமயங்களில் குற்றமற்ற ஆளைக் குற்றவாளியாக்கியும் விடுகிறோம். அப்படி நடக்கவிருந்த ஒரு விஷயத்தை முன்வைத்தே இப்பாடத்தைத் தொடங்குகிறோம்.

1. பூச்சோங் கடை ஒன்றில் கண்டது

பூச்சோங் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கமும் ரப்பர் தோட்டமுமாக இருந்த ஊர். இன்று பூச்சோங் ஜெயா, பண்டார் புத்ரி என்று கடைவரிசைகள் நிறைந்து கிடக்கின்றன. 2016 ஜூன் மாதம் முதல் எல்.ஆர்.டி. ரயிலும் இவ்வட்டாரத்தின் ஊடே புத்ரா ஹைட்ஸ் வரை ஓடுகின்றது.

இங்குள்ள கடைவீடுகளின் அமைப்பை நாம் எல்லோரும் அறிவோம். அகலம் குறைவு, ஆழம் அதிகம். முன்னால் ஐந்தடிப் பாதையில் மேஜைகள், உள்ளே கல்லா, அதற்குப் பின் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் அடுப்படி, மாடியில் அலுவலகமோ சிப்பந்திகளின் அறையோ இருக்கும். தொடர்பு கொடுக்க வந்தவர் ரௌட்டரைக் கல்லாவின் அருகே பொருத்திவிட்டுப் போய்விடுவார். வைஃபை அடுப்படிக்கு எட்டாது. உடனே ஒரு ரௌட்டர் வாங்கி அடுப்படியில் வைப்போம். சில மாதங்கள் கழித்து முன்மேஜைகளுக்கு எட்டவில்லை என்று வீட்டில் கிடந்த பழைய ரௌட்டரைக் கொண்டு வந்து முன்னால் மாட்டுவோம். இவ்வாறு ஒன்று மூன்றாகும். வைத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், மாட்டியவர் ஒருவர். மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர் ஒருவரும் இலர்.

நாங்கள் சொல்லும் உணவகத்திலும் இதுவே நடந்தது. ஆர்டர் எடுக்கும் தம்பி டேப்லெட்டில் குறித்து அனுப்பினால், அடுப்படியில் உள்ள பிரிண்டரில் சீட்டு வந்து விழ வேண்டும். இரவு உணவு நேரத்தில் சில சீட்டுகள் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்த குடும்பத்தார் கோபித்துக் கொண்டு எழுந்து போனார்கள்.

“அனுப்பினேன் முதலாளி” என்றான் தம்பி.

“அனுப்பியிருந்தால் சீட்டு எங்கே?” என்றார் முதலாளி.

டேப்லெட்டின் திரையிலோ அனுப்பப்பட்டதாகவே காட்டியது. அடுப்படியில் உள்ளவர்கள் சீட்டு வரவில்லை என்று சாதித்தார்கள். இரு தரப்பாரும் உண்மையே சொன்னார்கள். ஆனால் அது அப்போது யாருக்கும் தெரியாது. நாலு முறை இவ்வாறு நேர்ந்த பின், எழுந்து போன மேஜைகளின் தொகையைத் தம்பியின் சம்பளத்தில் பிடித்தார் முதலாளி. ஐந்தாம் முறை நேர்ந்தபோது, மாத முடிவோடு வேறு இடம் பார்த்துக் கொள்ளுமாறு சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில் நாங்கள் அங்கே போனது தம்பிக்காக அன்று. கல்லாவில் உள்ள கைப்பேசியில் பணம் வந்த அறிவிப்பு சரியாக வருவதில்லை, வைஃபை கோடுகள் முழுதாகத் தெரிந்தும் இணையம் இல்லை என்று முதலாளி அழைத்திருந்தார். பேச்சோடு பேச்சாகத் தம்பியின் கதையும் வந்தது. நாங்கள் ஒரு சிறு சோதனை செய்தோம். தம்பியை ஐந்தடிப் பாதை மேஜையருகே நிறுத்தி ஒரு தேநீருக்கு ஆர்டர் அனுப்பச் சொன்னோம். சீட்டு வரவில்லை. அதே தம்பியை, அதே டேப்லெட்டோடு, அடுப்படி வாசலில் நிறுத்தி மறுபடியும் அனுப்பச் சொன்னோம். கண் இமைப்பதற்குள் சீட்டு வந்து விழுந்தது. மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்று தடவையும் இதுவே. ஆகவே கோளாறு ஆளிடத்தில் இல்லை, ஆள் நின்ற இடத்தில் இருந்தது என்பது விளங்கிற்று.

அது எப்படி என்பதை அறிய, ரௌட்டர் என்ற பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்து கொள்வோம்.

2. ரௌட்டரின் மூன்று வேலைகள்

முதல் வேலை, தலைவாசலாக இருப்பது. கடைக்குள் இருக்கும் கணினி, கைப்பேசி, கேமரா யாவும் வெளியுலகுக்குச் செய்தி அனுப்ப வேண்டுமானால் இந்த வாசல் வழியாகவே போக வேண்டும். ஆங்கிலத்தில் இதைக் கேட்வே என்பார்கள்.

இரண்டாவது வேலை, முகவரி வழங்குவது. கடைக்குள் நுழையும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.25 என்பது போன்ற ஓர் எண் வேண்டும். கருவி உள்ளே வந்ததும், “எனக்கு முகவரி கொடுப்பவர் யார்?” என்று பொதுவாகக் கூவும். ரௌட்டர் பதில் சொல்லி, “உன் முகவரி இது, வெளியே போகும் வாசல் இது” என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். இந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். இந்த நான்கு எழுத்துகளை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பாதிக் கோளாறுகள் இதில்தான் பிறக்கின்றன.

மூன்றாவது வேலை, முகவரியை மாற்றி எழுதுவது. முன்னாளில் ஒரு கடையில் பத்துச் சிப்பந்திகள் இருந்தால், அவர்களுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்கள் யாவும் கடை விலாசத்துக்கே வரும். கணக்கப்பிள்ளை பெயர் பார்த்து அவரவரிடம் கொடுப்பார். ரௌட்டரும் அவ்விதமே செய்கிறது. கடைக்குள் இருபது கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு ஒரே விலாசம்தான் தெரியும். உள்ளிருந்து போன செய்தி யாருடையது என்று ரௌட்டர் குறித்து வைத்துக் கொண்டு, பதில் வந்ததும் அவரிடம் சேர்க்கும். இதற்கு நாட் என்று பெயர்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது? உலகம் முழுவதற்கும் இந்தப் பழைய முறையில் உள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடியே. அவை போதமாட்டா என்பது முன்பே தெரிந்தது. ஆகவே 1996இல், 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168இல் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகள் உள்வீட்டு உபயோகத்துக்கென்று உறுதியாக ஒதுக்கப்பட்டன. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி, வட்டார அமைப்புகளுக்குப் பகிர்ந்து கொடுக்க உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் தீர்ந்தன. உள்வீட்டு எண்களை யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். அதனாலேயே கிள்ளானில் உள்ள கடையிலும் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள கடையிலும் 192.168 என்ற எண்ணையே காண்கிறோம். தொழிற்சாலையிலிருந்து வரும் ரௌட்டர்களில் பெரும்பாலானவை 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண்ணைத் தமக்கு வைத்துக் கொண்டே வருகின்றன.

ஒரு கடையில் ஒரு ரௌட்டர் இம்மூன்று வேலைகளையும் செய்தால் குறைவில்லை. மூன்று ரௌட்டர்களும் மூன்று வேலைகளையும் செய்யத் தொடங்கினால் குழப்பம் பிறக்கிறது.

3. மூன்று நோய்கள்

முதல் நோய்: வாசலுக்குள் வாசல்.

அந்த உணவகத்தில் கல்லா ரௌட்டரின் எண் 192.168.1.1. அடுப்படி ரௌட்டரின் எண் 192.168.0.1. ரௌட்டரின் பின்புறம் பார்த்தால் நாலு துளைகள் ஒரு வரிசையாகவும், ஒரு துளை தனித்தும் இருக்கும். அந்தத் தனித் துளை வெளியுலகத்துக்கு உரியது, அதன்மேல் டபிள்யூ.ஏ.என். என்றோ இன்டர்நெட் என்றோ அச்சிட்டிருக்கும். கல்லாவிலிருந்து வந்த கேபிளை அடுப்படி ரௌட்டரின் இந்தத் தனித் துளையில் செருகியிருந்தார்கள். ஆகவே அடுப்படி ரௌட்டர் கல்லாப் பக்கத்தை வெளியுலகம் என்று எண்ணிக் கொண்டு, அடுப்படியைத் தனிக்கடையாக ஆக்கிவிட்டது. ஒரு கணக்கப்பிள்ளைக்கு உள்ளே இன்னொரு கணக்கப்பிள்ளை!

பிரிண்டர் அடுப்படி ரௌட்டரில் இருந்தது. அதன் எண் 192.168.0.50. தம்பி அடுப்படி வாசலில் நிற்கும்போது அவனுடைய டேப்லெட் அடுப்படி வைஃபையில் இருக்கும். சீட்டு போய்ச் சேரும். முன்மேஜைக்குப் போனதும் டேப்லெட் தானாகவே முன்பக்கத்து வைஃபைக்கு மாறிவிடும். அங்கிருந்து 192.168.0.50 என்ற எண்ணுக்கு அனுப்பினால், கல்லா ரௌட்டருக்கு அந்த எண் தன் கடைக்குள் இருப்பதாகவே தெரியாது. அது செய்தியை வெளியே தள்ளிவிடும்; செய்தி அங்கே அழிந்து போகும். மூன்று ரௌட்டர்களுக்கும் சௌகரியம் கருதி ஒரே வைஃபை பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் வைத்திருந்தார்கள். ஆகவே தான் எந்த வைஃபையில் நிற்கிறோம் என்பது தம்பிக்குத் தெரிய வழியே இல்லை.

இரண்டாவது நோய்: முகவரி கொடுக்க இருவர்.

முன்மேஜைகளுக்காக மாட்டிய பழைய ரௌட்டரைக் கேபிள் மூலம் வரிசைத் துளையிலிருந்து வரிசைத் துளைக்கு இணைத்திருந்தார்கள். இணைத்த விதம் சரியே. ஆனால் அதன் டி.எச்.சி.பி. வேலையை நிறுத்தவில்லை. ஆகவே புதிதாக வரும் கருவி முகவரி கேட்டுக் கூவும்போது இருவர் பதில் சொன்னார்கள். யார் பதில் முந்துகிறதோ அதையே கருவி ஏற்றுக் கொள்ளும். ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் கொடுப்பதால், ஒரே எண் இரண்டு கருவிகளுக்குப் போய்விடுவதும் உண்டு.

மூன்றாவது நோய்: ஒரே பெயரில் இருவர்.

அந்தப் பழைய ரௌட்டரின் சொந்த எண்ணும் 192.168.1.1 ஆகவே இருந்தது. கல்லா ரௌட்டரின் எண்ணும் அதுவே. கருவி தன் வாசலைத் தேடி 192.168.1.1 யார் என்று கேட்டால் இருவரும் நான் நான் என்பார்கள். கல்லா ரௌட்டர் வழியே போன செய்தி உலகைச் சேரும். பழைய ரௌட்டர் வழியே போன செய்தி சுவரில் முட்டி நிற்கும். ஏனெனில் அதற்கு வெளி வாசலே கிடையாது. கல்லாக் கைப்பேசியில் கோடுகள் முழுதாக இருந்தும் இணையம் இல்லாமற் போனதன் காரணம் இதுவே. வைஃபைக் கோடுகள் காட்டுவது நமக்கும் பெட்டிக்கும் உள்ள நெருக்கத்தை மட்டுமே. பெட்டிக்கும் உலகுக்கும் தொடர்பு உண்டா என்பதை அவை காட்டமாட்டா.

நம்மில் பலரும் இந்நிலையில் செய்வது பெட்டியை அணைத்து மறுபடியும் போடுவது. அது சரியாகியும் விடுகிறது. எப்படி? எல்லாக் கருவிகளும் புதிதாக முகவரி கேட்கும்போது இம்முறை சரியான ரௌட்டர் முந்திக் கொண்டது, அவ்வளவே. நாளை மற்றது முந்தும். அணைத்துப் போட்டுச் சரியான கோளாறு தீர்ந்த கோளாறு அன்று. வாரத்துக்கு இரண்டு தடவை அணைத்துப் போட வேண்டியிருந்தால், உள்ளே இருவர் போட்டியிடுகிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

இம்மூன்றோடு நாலாவதாக ஒன்றையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். ஒரே பெட்டிகளுக்கிடையே தவறுதலாக இரண்டு கேபிள்களைச் செருகிவிட்டால் வளையம் உண்டாகி, ஒரு செய்தி சுற்றிச் சுற்றி வந்து எல்லா வழியையும் அடைத்துவிடும். எல்லா விளக்குகளும் ஓயாமல் மின்னிக் கொண்டிருக்க, எதுவும் வேலை செய்யாவிட்டால், அதிகப்படியான கேபிள் உள்ளதா என்று பாருங்கள்.

4. நாட்டளவில் நடந்த ஒரு பாடம்

இவை சிறு கடைகளுக்கு மட்டும் உரிய கோளாறுகள் என்று எண்ண வேண்டாம். 2015 ஜூன் 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, நம் நாட்டின் டெலிகோம் மலேசியா நிறுவனத்தின் ரௌட்டர்கள், உலக இணைய வழிகளில் ஏறத்தாழ 179,000 வழிகளைத் தம் மூலமாகப் போகலாம் என்று தவறுதலாக அறிவித்துவிட்டன. அந்த அறிவிப்பைக் கேட்ட லெவல் 3 என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்தின் ரௌட்டர்கள் அதைச் சோதிக்காமல் ஏற்றுக் கொண்டு மற்றவர்களுக்கும் பரப்பின. விளைவு யாது? பிற நாடுகளுக்கு இடையே போக வேண்டிய செய்திகளும் மலேசியாவின் பக்கம் திரும்பின. வந்து குவிந்ததைத் தாங்க இடமில்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பாகங்களில் இணையம் தள்ளாடிற்று. நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்தது.

அங்கே ரௌட்டர்கள் உபயோகிக்கும் முறை வேறு. நம் கடையில் உள்ள முறை வேறு. ஆனால் கோளாறின் குணம் ஒன்றே. வாசலாக இருக்கத் தகுதியில்லாத ஒன்று, “என் வழியாக வாருங்கள்” என்று கூவியது, கேட்டவர்கள் நம்பினார்கள். அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டிய எண்பது வெள்ளிப் பெட்டியும் அதே தவற்றையே செய்கிறது. ரௌட்டர்கள் ஒன்றையொன்று நம்பும் சுபாவம் உள்ளவை. ஆகவே எது தலைவாசல் என்பதை நாம்தான் தீர்மானித்து மற்றவற்றின் வாயை அடைக்க வேண்டும்.

5. கண்டறியும் முறை

கோளாறு வந்ததும் ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்ப்பது பயன் தராது. கீழ்க்கண்ட வரிசையில் செல்க.

முதற்படி: படம் வரைக. ஒரு தாளில் கடையை வரைந்து, எத்தனை ரௌட்டர், எந்தக் கேபிள் எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்குப் போகிறது என்று குறியுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுதுங்கள். மாடி அறையில் சிப்பந்திகள் தாங்களாகவே வாங்கி வைத்த பெட்டி உண்டா என்றும் கோபமின்றி விசாரியுங்கள். கோபித்தால் மறைப்பார்கள், மறைத்த பெட்டியே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள் கேட்க. எல்லாக் கருவிக்கும் கோளாறா, ஒன்றுக்கு மட்டுமா? எல்லா இடத்திலுமா, ஓர் இடத்தில் மட்டுமா? எந்நேரமுமா, சில நேரம் மட்டுமா? எல்லாவற்றுக்கும் எந்நேரமும் என்றால் தலைவாசலிலோ அதற்கு வெளியிலோ கோளாறு. ஓர் இடத்தில் மட்டும் என்றால் அங்குள்ள பெட்டி. சில நேரம் மட்டும் என்றால் இருவர் போட்டி.

மூன்றாம் படி: தலைவாசலைத் தனியாகச் சோதிக்க. மற்ற ரௌட்டர்களின் கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஒரு கணினியைக் கேபிள் மூலம் நேராக முதல் ரௌட்டரில் இணைத்துப் பாருங்கள். அங்கேயும் இணையம் இல்லையானால் கண்ணாடி இழைப் பெட்டியைக் கவனியுங்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இழையில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அது தொடர்பு கொடுத்தவரை அழைக்க வேண்டிய காரியம். நாம் எதையும் மாற்றக் கூடாது. அங்கே இணையம் நன்றாக இருந்தால் கோளாறு நம் கடைக்குள் என்பது உறுதி.

நான்காம் படி: முகவரியைப் படிக்க. கோளாறு உள்ள கைப்பேசியில் வைஃபை அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஐ.பி. முகவரி, கேட்வே என்ற இரண்டு எண்கள் தெரியும். நன்றாக வேலை செய்யும் கருவியின் எண்களோடு அவற்றை ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் இருந்தால் வாசலுக்குள் வாசல் இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், கருவி முகவரி கேட்டும் யாரும் பதில் சொல்லாமையால் தானே ஓர் எண்ணை வைத்துக் கொண்டது என்று அறிக. கேபிள் தளர்ந்திருக்கலாம், அல்லது முகவரி வழங்குபவர் உறங்கியிருக்கலாம்.

ஐந்தாம் படி: குரல் கொடுத்துப் பார்க்க. இதற்கு பிங் என்ற கட்டளை உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட ஒலி அனுப்பி எதிரொலி கேட்பது போன்றது இது. பெயரும் அந்த ஒலியிலிருந்தே வந்தது. முதலில் வாசலின் எண்ணுக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் கடைக்குள் வழி சரி. பிறகு 8.8.8.8 என்ற வெளி எண்ணுக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் உலக வழியும் சரி. அதன்பின் ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற ஏற்பாட்டில் மட்டும் கோளாறு. இவ்வாறு மூன்று குரல்களில் கோளாறு எந்தத் தூரத்தில் உள்ளது என்பதை அளந்துவிடலாம்.

ஆறாம் படி: ஒன்றொன்றாகச் சேர்க்க. கழற்றிய ரௌட்டர்களை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொரு தடவையும் சோதியுங்கள். எதைச் சேர்த்ததும் கோளாறு திரும்புகிறதோ அதுவே நாம் தேடியது. ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். செய்தால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்பது தெரியாது.

6. திருத்தும் முறை

விதி ஒன்றே: தலைவாசல் ஒன்று, மற்றவை அதன் பணியாட்கள்.

இரண்டாவது ரௌட்டரை வலையில் சேர்ப்பதற்கு முன், தனியே ஒரு கணினியில் இணைத்து அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அக்சஸ் பாயிண்ட் என்ற முறை அதில் இருந்தால் அதைத் தேர்ந்தால் போதும். இல்லையானால் மூன்று காரியங்களை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் அதன் சொந்த எண்ணை 192.168.1.2 என்று மாற்றுக. இரண்டாவது, டி.எச்.சி.பி.யை நிறுத்துக. மூன்றாவது, கேபிளைத் தனித் துளையில் செருகாமல் வரிசைத் துளைகளில் ஒன்றில் செருகுக. அடுத்த ரௌட்டருக்கு 192.168.1.3 என்று கொடுக்க. இனி அவை வைஃபையைப் பரப்புமே தவிர, வாசல் என்று சொல்லிக் கொள்ளமாட்டா.

பிரிண்டர், கேமரா போன்ற நிலையான கருவிகளுக்கு நிலையான எண் வேண்டும். தலைவாசல் ரௌட்டர் 100 முதல் 200 வரை உள்ள எண்களையே பிறருக்கு வழங்கும்படி வைத்துவிட்டு, பிரிண்டருக்கு 192.168.1.50 என்று கொடுக்கலாம். எண் மாறியதை டேப்லெட்டுகளிலும் மறவாமல் திருத்த வேண்டும்.

வைஃபை அலைகளையும் பிரித்து வைக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்று சானல்களே. மூன்று பெட்டிகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் தம்முள் சண்டையிடா. கடைவரிசையில் பக்கத்துக் கடையின் அலையும் நம் சுவரைக் கடந்து வரும் என்பதால், நெருங்கிய இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை உபயோகிப்பது மேல். கேபிள் இழுக்க முடிந்த இடத்தில் கேபிளே சிறந்தது. ஓர் இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிள் இன்றி அலையை வாங்கி அலையாகவே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டிகள் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுப்பதானால் விருந்தினர் வைஃபை என்ற தனிப்பிரிவில் கொடுங்கள். கல்லாவும் கேமராவும் இருக்கும் வழியில் அந்நியரை விடுவது கல்லாப்பெட்டியின் சாவியை மேஜைமேல் வைப்பது போன்றது. ரௌட்டரின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். இவ்வட்டாரத்தில் இடி மின்னல் மிகுதி. ஆகவே மின்தாக்குக் காப்புள்ள செருகியை உபயோகியுங்கள்.

7. பாடத்தைச் சோதிக்க மூன்று வினாக்கள்

வினா: மாடி அலுவலகத்துக் கணினியில் இணையம் உண்டு, ஆனால் கீழேயுள்ள பிரிண்டர் தெரியவில்லை. காரணம் யாதாகலாம்?
விடை: இரண்டும் வெவ்வேறு வாசலுக்குள் இருக்கலாம். இரண்டின் முகவரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க.

வினா: காலையில் நன்றாக இருக்கிறது, சிப்பந்திகள் மாடிக்குத் திரும்பியதும் கெடுகிறது. எங்கே தேடுவது?
விடை: மாடியில் யாரோ போட்டதும் எரியும் பெட்டி ஒன்று முகவரி வழங்கிக் கொண்டிருக்கலாம்.

வினா: கடைக் கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, கடையில் எல்லாம் சரி. என்ன பார்க்க வேண்டும்?
விடை: தலைவாசல் ரௌட்டரின் வெளி முகவரி 192.168இலோ 10இலோ தொடங்கினால், அதற்கு முன்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், தொடர்பு கொடுத்தவரே பல வாடிக்கையாளரை ஒரு விலாசத்தில் வைத்திருக்கிறார். அவரைக் கேட்க வேண்டும்.

8. முடிவாக

அந்த உணவகத்தில் இத்தனையும் செய்து முடிக்க எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. புதிதாக ஒரு காசுக்கும் பொருள் வாங்கவில்லை. மூன்று பெட்டிகளும் அதே இடங்களில் இருக்கின்றன. கேபிள் ஒன்று துளை மாறியது, சில எண்கள் மாறின. அன்றிரவு எல்லா மேஜைகளிலிருந்தும் சீட்டு வந்தது.

முதலாளி நல்லவர். கல்லாவில் நின்றபடியே பேரேட்டை எடுத்து, தம்பியின் சம்பளத்தில் பிடித்த தொகையைக் கணக்குப் பார்த்து, அடுப்படி ஆட்கள் எல்லோரும் பார்க்கத் திருப்பிக் கொடுத்தார். “தப்பு என் மேல், தம்பி” என்றும் சொன்னார். தம்பி பணத்தை வாங்கிக் கொண்டு ஒன்றும் பேசாமல் ஏழாம் மேஜைக்கு ஆர்டர் எடுக்கப் போய்விட்டான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

பணம் திரும்பிவிட்டது. ஆனால் எழுந்து போன வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன் இதே காரணத்துக்காக ஒருவர் வேலையை விட்டுப் போனதாகவும் அடுப்படியில் பேசிக் கொண்டார்கள். அவரைத் தேடிச் சொல்ல வழியில்லை.

ஆகவே வணிகப் பெருமக்களை நாம் கேட்டுக் கொள்வது இதுவே. இயந்திரம் ஒன்று இடையில் நிற்கும் காரியத்தில், ஆளைச் சந்தேகிக்கும் முன் வழியைச் சோதியுங்கள். இன்று கடைக்குப் போனதும் ரௌட்டர்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒரு தாளில் படம் வரைந்து, எண்களையும் எழுதி, கல்லாவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால், அவற்றுள் எது தலைவாசல் என்று உங்கள் கடையில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.